மேல்மலையனூரில் நான் வீசாமல் விட்ட மண்

பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை. எங்கள் கம்ப்யூட்டர் லேப் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் என் பெயரும் இன்னொரு பெண்ணின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. எதிரே தொண்ணூற்றாறு சதவீதம் என்று அச்சாகியிருந்தது. அதற்கு மேல் சிவப்பு மையில், கையெழுத்தில், ‘காப்பி’ என்று இருந்தது.

நான் அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். வகுப்பில் உள்ள அறுபது பேரும் அந்தத் தாளைப் படித்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இன்னொரு பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

அம்மனை, எங்கள் ஆத்தாளை நம்பி அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவள் எனக்குச் செய்ததை நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

என் பெயர் அமுதா. வல்லத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செஞ்சி வந்து பஸ் மாறி கல்லூரிக்குப் போகிறேன். கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. எங்கள் நைனா செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். கமிட்டி என்றால் விவசாயிகள் நெல்லையும் மணிலா என்கிற நிலக்கடலையையும் கொண்டுவந்து கொட்டி ஏலம் விடுகிற இடம். அம்மா களை எடுக்கப் போவார். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைக் கையில் எடுத்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை நான் யாருடைய நோட்டையும் வாங்கிப் பார்த்து எழுதியதில்லை.

எங்கள் புரோகிராமிங் பாடத்துக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்று சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும். கடைசியில் எழுதுகிற பரீட்சை தனி. அதற்கு முன்னால் கல்லூரியிலேயே போடுகிற மார்க்குக்கு இன்டர்னல் என்று பெயர். இரண்டு சின்னப் பரீட்சை, லேப் ரெக்கார்டு, வருகைப் பதிவு எல்லாம் அதில் சேரும். அதோடு நாமே யோசித்து எழுதுகிற ஒரு புரோகிராமுக்கு மட்டும் இருபது மார்க். பெரிய பரீட்சையில் தவறினால் மறுபடி எழுதலாம். இன்டர்னல் போனால் போனதுதான். அந்த இருபது எனக்கு பூஜ்யமானால் பாடத்தில் அரியர் விழும். அரியர் இருந்தால் அடுத்த வருடம் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகளின் முன்னால் உட்காரவே விடமாட்டார்கள்.

அந்தப் பாடம் எடுக்கிற மேடம் எங்களுக்குக் கொடுத்த வேலை இது: “உங்க ஊர்ல நீங்க பாக்கிற ஒரு வரிசைய எடுத்துக்கோங்க. ரேஷன் கடையா இருக்கலாம், ஆஸ்பத்திரியா இருக்கலாம். அந்த வரிசை எப்படி நகருதுன்னு புரோகிராம் எழுதுங்க.”

நான் கமிட்டியை எடுத்துக்கொண்டேன். இரண்டு சாயங்காலம் நைனாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு முதல் டோக்கன். ஆனால் சரக்கு ஈரமாக இருந்தால் அந்தக் குவியல் வரிசையில் பின்னால் போய்விடும். காய்ந்த பிறகுதான் ஏலம். மழை வந்தால் எல்லாமே நின்றுவிடும். நைனா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது. முதலில் நோட்டில் எழுதுவேன். பிறகு லேபுக்குப் போய் டைப் அடிப்பேன்.

எனக்கு ஒரு பழக்கம். நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ஒரு வரியை மாற்றினால்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் என் நோட்டைத்தான் எல்லா வகுப்புக்கும் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள். அப்போது வந்த பழக்கம்.

அந்தப் புரோகிராமைத்தான் நான் திருடியதாகச் சொன்னார்கள்.

என்னோடு மாட்டிய பெண் ஹரிணி. செஞ்சியிலேயே வீடு. இங்கிலீஷ் மீடியம். சொந்த லேப்டாப். அவளுடைய அப்பா அதே கமிட்டியில் சரக்கு எடுக்கிற வியாபாரி. மேடம் எங்கள் இரண்டு பேரையும் அவருடைய அறையில் நிற்க வைத்தார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் எழுதியிருக்கணும். யாரு?”

“நான்தான் மேடம்” என்றாள் ஹரிணி. மெதுவாகத்தான் சொன்னாள்.

“இல்ல மேடம். இது என்னோடது” என்றேன்.

“ஹரிணி, உங்க அப்பா கமிட்டிக்குப் போறவருதானே?”

“ஆமா மேடம்.”

மேடம் தலையை ஆட்டினார். என்னிடம் திரும்பினார். “அமுதா, நீ எதுல எழுதின?”

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஒரு அடித்தல்கூட இல்லையே. புரோகிராம் யோசிச்சு எழுதறவங்க நோட்டு இப்படியா இருக்கும்? பாத்து எழுதின மாதிரி இருக்குது.”

“ரெண்டு புரோகிராமும் கொஞ்சம் வித்தியாசமா இருக்குதே மேடம்.”

“ஒரு வரிய எடுத்துட்டா வேற புரோகிராம் ஆயிடுமா? அதத்தான் எல்லாரும் செய்யறாங்க.” நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். “திங்கட்கிழமை சாயந்திரம் மார்க் ஏத்துறத மூடிடுவாங்க. அதுக்குள்ள ஒருத்தர் வந்து உண்மைய சொல்லணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஜீரோ.”

என் பெருமையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அதற்குப் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஹரிணி எடுத்துவிட்டாள், சரி. ஆனால் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? அவள் என் பக்கத்தில் உட்காருவதே இல்லை. யாரோ கொடுத்திருக்க வேண்டும். லேப் உதவியாளர் அண்ணன் எல்லோருடைய பென்டிரைவையும் வாங்கி வைப்பார். அவரா? மேடமே கொடுத்திருப்பாரா? ஹரிணி இங்கிலீஷில் பேசினால் மேடம் சிரித்துக்கொண்டே கேட்பார். நான் பேசினால் நேரத்தைப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் அந்தத் தாளை அச்சடித்த சாஃப்ட்வேரைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் என் சந்தேகம் ஒரே ஆளிடம் போய் நின்றது. ரேவதி.

ரேவதி அவலூர்பேட்டைப் பெண். இரண்டு வருடமாக என் தோழி. செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிவரை ஒரே சீட்டில்தான் போவோம். என் பையின் ஜிப் அறுந்துபோன வாரம், அந்த நோட்டு ஒரு நாள் முழுக்க அவள் பையில்தான் இருந்தது. வேறு யார் கைக்கும் அது போகவில்லை. போன வாரம் அவளும் ஹரிணியும் கேன்டீனில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளிடமே கேட்டேன். “ஏண்டி, என் புரோகிராம் ஹரிணி கைக்கு எப்படிப் போச்சு?”

அவள் முழித்தாள். “என்னாடி இப்படிக் கேக்கற? நீதானே...”

“நானா? நானே திருடினேன்னு சொல்ல வரியா?”

“அதில்லடி, நான் சொல்றத...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.” எழுந்துபோய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “கூட இருந்தே குழி பறிக்கிறவங்க மூஞ்சிய நான் பாக்க மாட்டேன்” என்றேன். மறுநாளும் அவள் இரண்டு முறை பக்கத்தில் வந்தாள். நான் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டேன். அதன் மறுமுனை பைக்குள் சும்மாதான் கிடந்தது.

வீட்டில் நைனாவிடம் எதையும் சொல்லவில்லை. அவருக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவுக்குப் புரோகிராம் தெரியாது. திருட்டு தெரியும்.

“சனிக்கிழம அமாவாச. ஆத்தாகிட்ட போவலாம் வா” என்றார். “மண்ண வாரி அவ பேர சொல்லி வுட்டுடு. மிச்சத்த ஆத்தா பாத்துக்குவா.”

எங்கள் பக்கத்தில் இது உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் கெடுதல் செய்தவர்களை அம்மனிடம் ஒப்படைப்பார்கள். கோயில் எதிரே நின்று ஒரு பிடி மண்ணை எடுத்து, செய்தவர் பெயரைச் சொல்லி வீசுவார்கள். சொன்னது பலித்த கதைகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். காலேஜ் படிக்கிற பெண் இதையெல்லாம் நம்புகிறாளா என்று நீங்கள் கேட்கலாம். நம்பினேன். அதுவும் அந்த வாரம் வேறு எதையும் நம்பவில்லை. அதை மட்டும்தான் நம்பினேன்.

சனிக்கிழமை காலை செஞ்சியிலிருந்து சிறப்புப் பேருந்தில் போனோம். உட்கார இடம் இல்லை. கோயிலில் கூட்டம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அம்மனாக வணங்குகிற புற்றின் முன்னால் வந்ததும் என் வாயில் வந்தது ஒன்றுதான். “தாயே, என் புரோகிராம கொடுத்தது யாருன்னு எனக்குக் காட்டு. என் கண்ணு முன்னால காட்டு.” சொல்லிவிட்டு மனதுக்குள் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்: எனக்குத்தான் தெரியுமே, ரேவதி. ஆத்தாளிடம் கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே பதில் சொன்ன பிரார்த்தனை அது. ஆனாலும் ஆத்தாள் கோபித்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தோம். பம்பைச் சத்தம் காதைக் கிழித்தது. பக்கத்தில் ஒரு பெண் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தாள். நான் கோபுரத்தைப் பார்த்து நின்று, குனிந்து ஒரு பிடி மண்ணை வாரினேன். உச்சி வெயில். மண் கையைச் சுட்டது.

“பேர சொல்லு. சத்தமா சொல்லு” என்றார் அம்மா.

“என் எழுத்த அடுத்தவங்களுக்குக் கொடுத்த கை...” என்று ஆரம்பித்தேன். அடுத்து விளங்காமல் போகட்டும் என்று சொல்லிவிட்டு, ரேவதி பெயரைச் சொல்ல வேண்டும்.

“தே, நம்ம சாரங்கன் பொண்ணுதானே இது?”

பின்னாலிருந்து குரல். திரும்பினேன். முனுசாமி மாமா. நைனாவோடு கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனத்தோடு நின்றார்.

“இன்னாம்மா அமுதா, நைனா வரலியா? ஏ அண்ணி, ஒன் பொண்ணு இப்ப கமிட்டில பெரிய ஆளு தெரியுமா!” என்று அம்மாவிடம் சிரித்தார். “அன்னிக்கு இவ எழுதுன கணக்க ஸ்டேட்டஸ்ல போட்டமே! ஒங்க வூட்டுக்காரனுக்குப் போடத் தெரியல. நான்தான் போட்டுக் குட்த்தேன். அம்மன் பாட்ட பின்னால வுட்டு. எட போடற சார்கூட பாத்துட்டு, யார்யா இதுன்னு கேட்டாரு.”

“எந்தக் கணக்கு மாமா?”

“அதாம்மா, நம்ம கமிட்டியப் பத்தி எழுதுனியே. மணிலா ஈரமா இருந்தா பின்னால போவணும்னு. ஒங்க நைனா காலையில நோட்ட போட்டோ புட்ச்சினு வந்துட்டான். எல்லார்கிட்டயும் காட்னான். ஒரு எழுத்து தெரியாது அவனுக்கு, ஆனா பொண்ணு எழுதுனத அவன் படிச்சிக் காட்டுறான் பாரு, அது பெரிய கூத்து!”

என் கை தானாகத் திறந்துகொண்டது. மண் என் காலிலேயே கொட்டியது.

எங்கள் வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் ஒன்றுதான். பகலில் நைனாவிடம் இருக்கும். சாயங்காலம் எனக்கு. வகுப்புக் குழுவில் இருப்பது அந்த நம்பர்தான். என் வகுப்பில் எல்லோர் ஃபோனிலும் நைனாவின் நம்பருக்கு ‘அமுதா’ என்றுதான் பெயர். நைனா ஸ்டேட்டஸ் போட்டால் அறுபது பேருக்கும் அது நான் போட்ட ஸ்டேட்டஸ். ஒரு நாளில் அது தானாக மறைந்துவிடும். சாயங்காலம் ஃபோனை வாங்குகிற நான் அந்தப் பக்கமே போவதில்லை.

என் எழுத்தை அடுத்தவர்களுக்குக் கொடுத்த கை என் நைனாவின் கை. மூட்டை தூக்கி எங்களைக் காப்பாற்றுகிற கை. அது விளங்காமல் போகட்டும் என்றுதான் நான் சொல்ல இருந்தேன். இன்னும் ஒரு மூச்சு போயிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஆத்தா, என் ஆத்தா” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். முனுசாமி மாமா பயந்துபோய், “இன்னா அண்ணி, வெயிலு ஒத்துக்கலியா? சோடா வாங்கியாரட்டா?” என்றார்.

யார் என்று காட்டு என்று கேட்டேன். காட்டினாள். ஒரு நிமிடம் முன்னால் காட்டியிருந்தால் என் கையில் மண்ணே இருந்திருக்காது. ஒரு நிமிடம் பின்னால் காட்டியிருந்தால் என் வாய் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது நைனா வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஃபோனைக் கேட்டேன். போட்டோக்கள் இருந்தன. மூன்று பக்கம், மூன்று போட்டோ. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். தொட்டுப் பார்த்தால் தேதி தெரிந்தது. மாசி மாதத்துப் புதன்கிழமை, காலை ஆறே கால். நான் லேபில் டைப் அடித்துக் கொடுத்தது அதற்கு ஐந்து நாள் கழித்து.

நடந்ததையெல்லாம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டார்.

“நான் இன்னாத்தம்மா கண்டேன். நம்ம கமிட்டியப் பத்தி எழுதிக்கிறியேன்னு நாலு பேரு பாக்கட்டும்னு போட்டேன். அது போடக் கூடாததா?”

“போடக் கூடாது நைனா. பரீட்சை மாதிரி அது.”

“பரீட்சையா?” அவர் முகம் விழுந்துவிட்டது. “நான் வரேன். மேடத்தாண்ட நான்தான் செஞ்சேன்னு சொல்லிடறேன். என்ன வேணா செய்யட்டும் என்ன.”

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அட்மிஷன் அன்றுகூட நைனா கேட்டுக்கு வெளியேதான் நின்றார். பெற்றோர் கூட்டம் வந்தால் நான் வீட்டில் சொல்ல மாட்டேன். இவர் வந்து நின்றால் மேடம் என்ன நினைப்பார்? சிரிப்பார்களா? ஃபோனில் தேதியை மாற்றிக் கொண்டுவந்து நாடகம் ஆடுகிறார்கள் என்பார்களா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தச் சந்தேகம்தான். ஆத்தாளைக்கூடக் கேட்டேன்: வழியைக் காட்டுகிறாய், ஆனால் நைனாவைக் கூட்டிக்கொண்டு போகிற வழியாகத்தான் காட்ட வேண்டுமா?

திங்கட்கிழமை காலை நைனா கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

மேடத்திடம் நடந்ததைச் சொல்லி ஃபோனைக் காட்டினோம். அவர் ஹரிணியையும் வரச் சொன்னார். நான் பயந்ததையே முதலில் சொன்னார். “ஃபோன்ல தேதி மாத்துறது பெரிய விஷயமில்ல.”

நைனா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றிருந்தார். “மேடம், எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இது எம் பொண்ணு எழுதுனது. எழுதறப்ப நான்தான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன்.”

“படிக்கத் தெரியாதுன்னா, இது அவ எழுதினதுதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஈரச் சரக்கு பின்னால போவணும்னு நான் சொன்னேன் மேடம். அத எந்த எடத்துல எழுதுனான்னு கேட்டேன். விரல வச்சிக் காட்டுனா.” அவர் ஃபோனை வாங்கி, இரண்டாவது போட்டோவில், பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார். “இந்த எடம்.”

சரியாக அந்த வரி. ஒரு எழுத்துத் தெரியாத மனிதர் சரியாக அந்த வரியில் விரலை வைத்தார்.

மேடம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு முதல் போட்டோவுக்குப் போனார். புருவம் சுருங்கியது. ஹரிணியின் புரோகிராம் தாளையும் என் தாளையும் நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ஹரிணி, உன் புரோகிராம்ல ஆரம்பத்துல மழைன்னு ஒரு பேர் கொடுத்து வச்சிருக்க. அப்புறம் அத எங்கயுமே உபயோகிக்கல. அது எதுக்கு?”

ஹரிணி குனிந்து தன் தாளைப் பார்த்தாள்.

“அமுதா கொடுத்ததுல அது இல்ல. நோட்டுலயும் இல்ல. ஆனா இந்த போட்டோவுல இருக்குது.” மேடம் என்னைப் பார்த்தார். “நீ சொல்லு.”

“மழை வந்தா ஏலம் நிக்கும் மேடம். சரக்க தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க. அதையும் எழுதலாம்னு ஆரம்பிச்சேன். சரியா வரல. அதனால அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு மழை இல்லாம புதுசா எழுதினேன். இந்த போட்டோ கிழிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது.”

நான் மறந்தே போயிருந்த வரி அது. கிழித்து அடுப்பில் போட்ட பக்கம். நான் அழித்ததை ஆத்தாள் நைனாவின் ஃபோனில் பத்திரமாக வைத்திருந்தாள்.

மேடம் அப்போதும் விடவில்லை. “சரி. அந்த மழைய இப்ப எழுது. என் எதிர்ல. ஒரு மணி நேரம்.”

லேபில் போய் உட்கார்ந்தேன். பின்னால் மேடம். ஜன்னலுக்கு வெளியே நைனா. முதல் முறை ஓடவிட்டபோது திரை முழுக்கப் பிழை. என்னால் முடியாது என்று மேடம் நினைக்கிறார் என்று தோன்றியது. ஒரு நொடி கண்ணை மூடினேன். “தாயே, யார் பேரையும் சொல்ல மாட்டேன். யாரையும் தண்டிக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு என் வேலைய மட்டும் காட்டு.” திறந்ததும் தெரிந்தது. மழை நின்ற பிறகு வரிசையை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். மாற்றினேன். ஓடியது. டோக்கன் எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, நகர வேண்டிய இடத்தில் நகர்ந்தன.

ஹரிணி அழுதுவிட்டாள். “ஸ்டேட்டஸ்ல பாத்தேன் மேடம். அவளே எல்லாருக்கும்தான் போட்டிருக்கான்னு நினைச்சேன். டைப் பண்ணிக் கொடுத்துட்டேன். அப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு.” அவளுக்கு மேடம் வேறு வேலை கொடுத்து, அதற்குப் பாதி மார்க்தான் என்றார். எனக்கு இருபதுக்குப் பதினேழு. எந்த வரி எதற்காக என்று பக்கத்தில் விளக்கம் எழுதாமல் விட்டதற்கு மூன்று போயிற்று. அது நியாயமான மூன்று. லேப் கதவுப் பக்கம் ஒட்டியிருந்த அந்தத் தாளை மேடமே கிழித்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தடவையிலிருந்து ஒவ்வொருவரும் தன் புரோகிராமில் ஒன்றை அவர் எதிரிலேயே மாற்றிக் காட்டினால்தான் மார்க் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்.

ரேவதியிடம் போக எனக்கு மூன்று நாள் ஆனது. மார்க்கைக் கேட்கப் போவதைவிட அது கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மண்ணை வாரியதையும் சொன்னேன்.

“நானும்தான்டி ஸ்டேட்டஸ் பாத்தேன்” என்றாள். “நீதானே எல்லாருக்கும் போட்டன்னு சொல்ல வந்தேன். எங்க சொல்ல வுட்ட?” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனக்கு மண்ணு வாரி வுட அவ்ளோ தூரம் பஸ் ஏறிப் போனியா? அவலூர்பேட்ட வந்திருந்தா எங்க வூட்டு வாசல்லயே எடுத்திருக்கலாமே, நல்ல செம்மண்ணு” என்றாள். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். ஆனால் பழையபடி ஆக இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அது எனக்குத் தெரியும். அந்தத் தண்டனை எனக்கு வேண்டும்.

நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். சந்தேகம் எனக்கு இன்னும் வருகிறது. ஒரு வாரத்தில் போகிற குணம் இல்லை அது. ஆனால் சந்தேகப்பட்ட ஆளை முதலில் பேச விடுகிறேன். சித்திரையில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நைனா வந்தார். முதல் வரிசையில் நான்தான் உட்கார வைத்தேன். மேடம் பேசியது அவருக்குப் பாதி புரியவில்லை. என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மனதில் ஒரு பெயர் இருக்கலாம். வேலையில் கெடுத்தவர் என்றோ, வீட்டில் பிரித்தவர் என்றோ, நிச்சயமாக இவர்தான் என்றோ நீங்கள் நினைக்கலாம். நானும் நிச்சயமாகத்தான் இருந்தேன். ஆத்தாளிடம் போங்கள். பட்டதையெல்லாம் கொட்டுங்கள். நியாயம் கேளுங்கள், அவள் கொடுப்பாள். எனக்குக் கொடுத்தாள். பெயரை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். அதை அவள் சொல்லட்டும்.